எரியாத கோபுரமும் எரிந்த ஓவியங்களும்

பெல்ஜியத் தலைநகரான பிரஸ்ஸல்ஸின் கிராண்ட் பிளேஸ் சதுக்கத்தில் நின்று, கொதிக் பாணியில் எழுந்த நகர மண்டபத்தை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி, கோபுரம் ஏன் நடுவில் இல்லை என்பதே. தவறை உணர்ந்த கட்டடக் கலைஞர் உச்சியிலிருந்து குதித்து மாண்டார் என்றொரு கதை அங்கு உலவுகிறது. நானும் அதைக் கேட்டேன். உண்மை அவ்வளவு சுவையானதல்ல. இடப்புறப் பகுதியின் கட்டுமானம் 1402 இல் தொடங்கியது. வலப்புறப் பகுதிக்கோ 1444 இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அது நீளம் குறைந்ததாக அமைந்துவிட்டது. 96 மீற்றர் உயரமான கோபுரத்தை ஜான் வான் ரூய்ஸ்புரூக் 1455 அளவில் கட்டி முடித்தார்.

1695 ஆகஸ்டில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் தளபதி வில்றுவா இந்நகர் மீது குண்டுமாரி பொழிந்தான். சுமார் 4,000 கட்டடங்கள் அழிந்தன. பீரங்கிகள் குறிவைத்த கோபுரமோ வீழவில்லை. சுற்றியிருந்த வணிகர் சங்க மாளிகைகளைச் சில ஆண்டுகளிலேயே மக்கள் மீளக் கட்டியெழுப்பினர். 1998 இல் யுனெஸ்கோ இச்சதுக்கத்தை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

இதனைப் பிரஸ்ஸல்ஸின் வெற்றிக் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மண்டபத்தின் சுவர்கள் தப்பினவே தவிர, உள்ளே இருந்தவை தப்பவில்லை. நீதி வழங்குவோர் கண்முன் எப்போதும் இருக்கவேண்டும் என்று றோஜியர் வான் டெர் வெய்டன் தீட்டிய நான்கு பெரும் ஓவியங்கள் தீக்கிரையாகின. 1520 இல் அவற்றை நேரில் கண்ட ஜெர்மானிய ஓவியர் டியூரர் தமது நாட்குறிப்பில் அதனைப் பதிந்து வைத்தார். அவற்றைத் தழுவி நெய்யப்பட்ட திரைச்சீலையொன்று சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இருக்கிறது. இன்று எஞ்சியிருப்பவை இத்தகைய சாட்சியங்கள் மாத்திரமே.

கல்லைச் செதுக்க மீண்டும் கைகள் கிடைக்கும். எரிந்த ஓவியத்துக்கும் ஏட்டுக்கும் அந்த வாய்ப்பில்லை. மீளக் கட்டிய சுவரைக் காட்டி இழப்பு ஈடுசெய்யப்பட்டுவிட்டது என்று சொல்வது, அழித்தவனின் கணக்கைச் சுலபமாக முடித்துவைப்பதாகும். எங்கள் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டியூரர் எழுதியது சில வரிகளே. ஆனால், கண்டதைக் கண்டவுடன் எழுதிவைத்தார். பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, அந்தக் கோபுரத்தைவிட அவ்வரிகளே பெரிதாகத் தெரிகின்றன.