ஸ்வீட் கார்னில் விஷம் எங்கே?

நேற்று கடற்கரைச் சாலையில், கப்பில் ஸ்வீட் கார்ன் தின்றுகொண்டே நண்பர் ஒருவர், "ஹைபிரிட் விதை எல்லாமே மரபணு மாற்றிய விஷம் சார்" என்றார். நடைப்பயிற்சியில் சண்டை வேண்டாம் என்று பேசாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மக்காச்சோளத்தைக் குட்டையாக்கி இலையில் தேமல் போடும் வைரஸ் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் ஜான்சன் புல்லின் வேர்த்தண்டில் பதுங்கியிருந்து, அசுவினி மூலம் வயலுக்கு வரும். பூச்சிமருந்து அடித்தால் தீர்ந்தது என்பீர்கள். அசுவினி இலையில் வாய் வைத்த சில நொடிகளே போதும், வைரஸ் ஏறிவிடும். பிறகு பூச்சி செத்தென்ன, இருந்தென்ன?

பிஏ 405 என்றொரு சாதாரண மக்காச்சோள வகை இந்த நோயைத் தாங்கும். அந்தக் குணத்துக்கான முக்கிய மரபணு 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மென்டலின் பட்டாணியை நான் பிரெஞ்சில் படித்தவன். கணக்கு எந்த மொழியிலும் ஒன்றுதான். எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் ஓங்கு பண்பு, தாய் தகப்பனில் ஒருவர் கொடுத்தால் போதும். இனிப்போ ஒடுங்கு பண்பு, இருவருமே கொடுக்கவேண்டும். எனவே பிஏ 405ஓடு சேர்த்ததுமே இனிப்பு மறைந்துவிடும். திரும்பத் திரும்ப ஸ்வீட் கார்னோடு கலந்து, செடிக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றி, தப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் செய்கிற வேலை. காகிதப் பையில் மகரந்தம் பிடித்துத் தூவுகிற வேலை. இதில் விஷம் எங்கே வந்தது?

வருஷாவருஷம் விதையை விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறதே என்று அவர் கோபப்பட்டால் நானும் கூட நிற்பேன். அது வேறு ஃபைல்.