'இல்லை' என்று ஒரு டிக் போட்டால் போதுமா? பைலட் கனவும் பழைய பழக்கமும்

வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாச்சு. ஓடுபாதையும் 3 கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு பிள்ளை "நான் பைலட் ஆகப்போறேன்" என்றால் இப்போது யாரும் சிரிப்பதில்லை. எந்த ஸ்கூல், எவ்வளவு ஃபீஸ், எந்த பேங்க்கில் லோன் என்று வீடே உட்கார்ந்து கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் உண்டு. மெடிக்கல் விண்ணப்பம்.

ஹாஸ்டலில் நண்பர்களோடு ரெண்டு தடவை கஞ்சா இழுத்திருக்கிறான். அல்லது குடியில் சிக்கி, சிகிச்சை எடுத்து, இப்போது நன்றாக இருக்கிறான். விண்ணப்பத்தில் இதைச் சொல்ல வேண்டுமா? நம்ம ஊரில் வரும் முதல் பதில் நமக்கெல்லாம் தெரியும்: "யாருக்குலே தெரியப்போவுது? பேசாம 'இல்ல'ன்னு போடு!"

கொஞ்சம் பொறுங்கள். நடைமுறை என்ன என்று பார்ப்போம்.

பைலட் ஆக விரும்புபவர் முதலில் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் 'கிளாஸ் 2' மருத்துவச் சான்று வாங்க வேண்டும். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 'கிளாஸ் 1' தேவை. பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற மையங்களில் அந்தப் பரிசோதனை நடக்கும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, விண்ணப்பிப்பவர் தன் உடல்நல வரலாற்றைத் தானே உறுதி சொல்லி எழுதித் தர வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால், லைசென்ஸ் தரும் அமைப்புக்கு அது புகாராகப் போகும்.

அதே விதிகள் மது, கஞ்சா, தூக்க மருந்து, கோகைன் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைக்கின்றன. காபியும் புகையிலையும் அதில் சேராது. ஆனால், டாக்டர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. எப்போதோ ஒருமுறை பயன்படுத்தியது வேறு, அது இல்லாமல் இருக்க முடியாத அடிமை நிலை வேறு. அமெரிக்க விண்ணப்பமே இதற்கு உதாரணம். அடிமை நிலையோ, போதைப் பரிசோதனையில் தோற்றதோ வாழ்நாளில் எப்போது நடந்திருந்தாலும் சொல்ல வேண்டும். சட்டவிரோத போதைப்பொருளைப் பயன்படுத்தியது பற்றிய கேள்வி கடந்த 2 வருடங்களுக்கு மட்டும்தான். நம் விண்ணப்பம் வேறு என்றாலும், என்ன பொருள், எவ்வளவு, எத்தனை நாள், விட்டு எவ்வளவு காலம் ஆச்சு என்பதுதான் எந்த டாக்டருக்கும் முக்கியம்.

உண்மையைச் சொன்னால் உடனே சான்று கிடைத்துவிடுமா? அப்படி ஆசை காட்ட முடியாது. 'தற்காலிகத் தகுதியின்மை' என்று நிறுத்தி வைக்கலாம், மனநல மருத்துவரின் அறிக்கை கேட்கலாம், மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆனால் அது காத்திருப்புதான், கதவை அடைப்பதல்ல.

மறைத்தால்? இந்தியாவில் 2022 ஜனவரி 31 முதல் போதைப் பரிசோதனை விதிகள் அமலில் இருக்கின்றன. கஞ்சா, கோகைன், ஓபியேட், ஆம்பெடமைன், பார்பிட்யூரேட், பென்ஸோடயஸெபைன் என ஆறு வகைகளுக்கு சோதனை. பணியில் இருக்கும் விமானிகளிலும் கட்டுப்பாட்டாளர்களிலும் ஆண்டுக்கு 10 சதவிகிதம் பேரை முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் சேரும்போதும் சோதனை உண்டு. பணியில் இருப்பவர் முதல் முறை சிக்கினால் மறுவாழ்வு சிகிச்சை, இரண்டாம் முறை லைசென்ஸ் 3 ஆண்டுகள் நிறுத்திவைப்பு, மூன்றாம் முறை ரத்து.

முதல் முறையே துரத்தாமல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மீண்டு வந்தவர்களுக்கு இந்தத் துறையில் இடம் உண்டு. 1990-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் கேப்டன் லைல் ப்ரௌஸ் போதையில் விமானம் ஓட்டி சிறைக்குப் போனார். குடியை விட்டு, எல்லா லைசென்ஸையும் மறுபடி எழுதி வாங்கி, அதே நிறுவனத்தில் கேப்டனாகவே ஓய்வு பெற்றார். 2001-ல் அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

மறைத்ததன் விலைக்கும் உதாரணம் உண்டு. 2015 மார்ச் 24-ல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி மலையில் மோதவிட்டு 150 பேர் இறந்தார்கள். அங்கே பிரச்னை போதை அல்ல, மனநோய். பறக்கக் கூடாது என்று டாக்டர் தந்த சீட்டை அவர் நிறுவனத்திடம் காட்டவே இல்லை.

நம்ம பக்கம் சிகிச்சைக்கே வெளியூர் போகிறவர்கள் உண்டு, சொந்தக்காரர் கண்ணில் படக் கூடாதென்று. அந்தப் பயத்தில் ஆவணங்களையும் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் "நான் குணமாகிவிட்டேன்" என்று நிரூபிக்க உதவுவதே அந்தக் காகிதங்கள்தான்.

எனவே, செய்ய வேண்டியவை:

* ஃபீஸ் கட்டும் முன் மெடிக்கலை முடியுங்கள். லட்சக்கணக்கில் கட்டிவிட்டு 'அன்ஃபிட்' என்று கேட்பது கொடுமை.

* சிகிச்சைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, தொடர் பரிசோதனை அறிக்கைகளை ஒரு ஃபைலில் வையுங்கள். சிகிச்சை தந்த டாக்டரிடம் இப்போதைய நிலை பற்றி அறிக்கை வாங்குங்கள்.

* டாக்டர் எழுதித் தந்த தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப்கூட சோதனையில் தெரியும். சீட்டோடு முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

* இன்னும் பழக்கம் விடவில்லையா? முதலில் சிகிச்சை, பிறகு விண்ணப்பம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள நெல்லை அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். வழக்கு பயமா? தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறுபவருக்கு, உட்கொண்டதற்காகவும் சிறு அளவு வைத்திருந்ததற்காகவும் வரும் வழக்கிலிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை உங்களிடம் சொன்னால்தான் டாக்டரிடமும் சொல்வான். வீட்டில் அடி விழும் என்று பயந்தவன், விண்ணப்பத்திலும் 'இல்லை' என்றுதான் எழுதுவான். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள்.

உதவிக்கு: போதை மீட்பு தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416.