கேட்கவும் கற்பிக்க வேண்டும்

கேரளத்தின் தென்கோடியில், களியக்காவிளையை அடுத்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லையோரக் கிராமங்களில் வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுவோர் பலர் உண்டு. இரு மொழிகளிலும் வழங்கும் சொல் இரண்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. "விஷமம்" என்றால் தமிழில் குறும்பு அல்லது தீய எண்ணம். மலையாளத்தில் அதுவே மனத்துயர். இப்பகுதிப் பெண் ஒருவர் "விஷமமாக இருக்கிறது" என்று சொன்னால், அது எத்தகைய துயரம், எத்தனை நாளாக, இரவில் உறக்கம் உண்டா என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்த மருத்துவர் எதிரே இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவக் கல்லூரிகள் கற்றுத் தருகின்றனவா என்பதுதான் இன்று எழுந்துள்ள வினா.

தேசிய மனநல மற்றும் நரம்பியல் மருத்துவ நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16-ல் தமிழகம், கேரளம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பது தெரியவந்தது. நோயின் தன்மைக்கேற்ப, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறவில்லை. எழுத்தறிவிலும் பொது சுகாதாரத்திலும் முன்னணியில் உள்ள கேரளத்தில், 2022-ம் ஆண்டில் லட்சம் பேருக்கு 28.5 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. தேசிய சராசரி 12.4 மட்டுமே. மருத்துவமனைகள் அருகில் இருந்தும் துயரம் அங்கே சென்று சேரவில்லை என்பதே இதன் பொருள்.

உண்மையில், அது சென்று சேராமலும் இல்லை. நெஞ்சு படபடப்பு, தலைவலி, வாயுத் தொல்லை, உறக்கமின்மை, ஓயாத உடல் அசதி என்று வேறு பெயர்களில் வந்து வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கிறது. ஓ.பி. சீட்டில் அந்தப் புகார் எழுதப்படுகிறது. சத்து மாத்திரையோ வலி மாத்திரையோ கொடுக்கப்படுகிறது. அடுத்த மாதம் அதே நோயாளி, அதே வரிசை. அவரை முதலில் பார்ப்பவர் மனநல நிபுணர் அல்லர், எம்.பி.பி.எஸ். படித்த பொது மருத்துவர். நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலையில், வேறு எவரும் பார்க்கவும் முடியாது.

ஆனால் அந்தப் பொது மருத்துவர் மாணவராக இருந்தபோது பெரும்பாலும் பார்த்தது என்ன? உள்நோயாளிப் பிரிவில் தீவிர மனச்சிதைவும் பித்துநிலையும் கொண்ட நோயாளிகளை. பணியில் அவர் அன்றாடம் சந்திக்கப்போவதோ மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம், இழவின் துயர் ஆகியவற்றை. கற்றதற்கும் செய்யவேண்டியதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் நோயாளிகள் தொலைந்துபோகின்றனர்.

விதிகள் மாறாமல் இல்லை. 1997-ம் ஆண்டு விதிகளில் மனநலப் பிரிவுக்கு இரண்டே வாரப் பயிற்சி. 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் நோயாளியிடம் பேசும் முறைக்கும் இடமளித்தது. 2021-ன் உறைவிடப் பயிற்சி விதிகள் மனநலப் பிரிவில் இரண்டு வாரத்தைக் கட்டாயமாக்கின. இவை வரவேற்கத் தக்கவை. எனினும் மனநல மருத்துவத்துக்கு இன்றும் தனித் தேர்வு இல்லை. பொது மருத்துவத் தாளில் சில மதிப்பெண்களோடு அது முடிந்துவிடுகிறது. தேர்வில் இல்லாததை மாணவர்கள் படிப்பதில்லை என்பது எல்லோரும் அறிந்ததே.

உளவழிச் சிகிச்சையை மாணவர்களுக்குக் கற்பிப்பது எட்டாத ஆசை என்பாரும் உண்டு. கோவாவில் நடத்தப்பட்டு 2017-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அவர்களுக்கு விடையளிக்கிறது. மருத்துவமோ உளவியலோ பயிலாத உள்ளூர் ஆலோசகர்கள், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் பெற்று, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசியதில், கடும் மனச்சோர்வு கொண்டோருக்கும் பலன் கிடைத்தது. அவர்களால் முடிந்தது ஐந்தரை ஆண்டுகள் பயின்ற மருத்துவரால் முடியாதா? லண்டனில் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களை ஒன்றாக அமர்த்தி, அவரவர் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்துப் பயிற்சி அளித்தது 1950-களிலேயே நடந்தது.

நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை என்ற வாதம் நியாயமானது. அரைகுறைப் பயிற்சி ஆபத்தானது என்ற அச்சமும் நியாயமானது. அதனால்தான் இந்தப் பயிற்சிக்குத் தனி நேரமும், உடனிருந்து திருத்தும் ஆசிரியரும் தேவை. எல்லா நோயாளிகளுக்கும் அன்று, தேர்ந்தெடுத்த சிலருக்கு. ஒரு மாணவர் ஒரே நோயாளியை முதல் வருகையிலிருந்து மூன்று, நான்கு முறை தொடர்ந்து சந்தித்தால் போதும். தற்கொலை எண்ணம் உண்டா என்று தயங்காமல் கேட்கவும், தன்னால் இயலாதபோது யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அறியவும் அவர் கற்றுக்கொள்வார்.

எல்லையோரப் பகுதி இதற்கு ஏற்ற இடம். காரக்கோணத்தில் 2002-ல் தொடங்கப்பட்ட சோமர்வெல் நினைவு மருத்துவக் கல்லூரி இக்கிராமங்களின் நடுவிலேயே உள்ளது. வடக்கே 1951-ல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. கிழக்கே ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி. நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையும் பாறசாலை வட்டத் தலைமை மருத்துவமனையும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. மனநல முதுநிலை மாணவரோடு இளநிலை மாணவர்களையும் அங்கே அமர்த்தப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் பொழியூரின் மீனவர்களையும் நீரோடியின் மீனவர்களையும் ஒருசேரத் தாக்கியது. கடல் மாநில எல்லையைப் பார்க்கவில்லை. கணவனை இழந்தவரின் துயரமும் 1956-ல் வகுக்கப்பட்ட கோட்டைப் பார்ப்பதில்லை. எனவே இரு மாநிலக் கல்லூரிகளும் கூடி, இரு மொழியிலும் நோயாளியைக் கேட்கும் பயிற்சியை வகுப்பதே முறை. மருந்தை மொழி தெரியாமலும் கொடுக்கலாம். ஆறுதலையும் ஆலோசனையையும் அப்படிக் கொடுக்க முடியாது.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தரப்பட வேண்டும் என்கிறது. அரசு மருத்துவ அலுவலர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநலப் பயிற்சி அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. சர்வதேச அளவுகோலின்படி மனநலப் பணியாளர்களை நியமிக்க 10 ஆண்டு அவகாசமும் தந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018-ல். அந்த அவகாசம் 2028-ல் முடிகிறது.

பணியில் சேர்ந்த பிறகு சில நாள் முகாம் நடத்திச் சரிக்கட்டுவதைவிட, கல்லூரியிலேயே கற்பிப்பது எளிது, செலவும் குறைவு. தேசிய மருத்துவ ஆணையம் மனநல மருத்துவத்தைத் தனித் தேர்வுப் பாடமாக்க வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் தொடர் பயிற்சியை அதன் கட்டாய அங்கமாக்க வேண்டும். இதயத்துடிப்பைக் கேட்கக் கற்றுக்கொள்ளாத எவரையும் மருத்துவராக நாடு ஏற்பதில்லை. மனிதர் சொல்வதைக் கேட்பதற்கும் அதே விதி பொருந்த வேண்டும்.