சிப் பிரிவை கம்பெனிகள் ஏன் தனியாகப் பிரிக்கின்றன? வேலை பார்ப்பவர்களுக்கு என்ன ஆகும்?

திருத்தணி, அரக்கோணம் பக்கமிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்துக்கு கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்களின் காதில் இப்போது அடிக்கடி விழும் வார்த்தை ‘செமிகண்டக்டர்’. ஆனால், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் தங்கள் சிப் பிரிவைத் தனியாகப் பிரித்துவிடுவது இந்தத் துறையில் சகஜம். அப்படிப் பிரித்தால் ஊழியர்கள் கதி என்ன?

பிலிப்ஸ் என்ன செய்தது?

நெதர்லாந்தின் பிலிப்ஸ், 2006-ல் தன் சிப் பிரிவின் 80.1 சதவீதப் பங்கை கே.கே.ஆர். தலைமையிலான முதலீட்டாளர்களுக்கு விற்றது. அதுதான் இன்றைய என்.எக்ஸ்.பி.

ஏன் பிரிக்கிறார்கள்?

சிப் ஃபேக்டரிக்கு பல ஆயிரம் கோடி முதலீடு வேண்டும். ஒரு வருஷம் ஆர்டர் கொட்டும், அடுத்த வருஷம் ஈயாடும். அதோடு, பிலிப்ஸுக்குப் போட்டியான டிவி கம்பெனி பிலிப்ஸிடமே சிப் வாங்கத் தயங்கும். தனி நிறுவனம் என்றால் யாருக்கும் விற்கலாம்.

பிரிந்த பிறகு?

பங்கை வாங்கப் பயன்படுத்திய கடன், என்.எக்ஸ்.பி. தலையிலேயே விழுந்தது. 2008-ல் சுமார் 4,500 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. பிறகு மீண்டு, 2010-ல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது. 2015-ல், மோட்டோரோலாவில் இருந்து பிரிந்திருந்த ஃப்ரீஸ்கேலையும் இணைத்துக்கொண்டு, கார் சிப்களில் முன்னணிக்கு வந்தது.

எல்லோரும் இப்படித் தப்பிப்பதில்லை. சீமென்ஸில் இருந்து 1999-ல் பிரிந்த இன்ஃபினியான், 2006-ல் தன் மெமரி சிப் பிரிவை கிமோண்டா எனத் தனியாக்கியது. 2009 ஜனவரியில் கிமோண்டா திவால் மனு கொடுத்தது.

ஸ்ரீபெரும்புதூர் பார்த்த பாடம்

நோக்கியாவின் போன் பிரிவு 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த டீலில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேற, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது.

இப்போது இந்தியாவில்?

இங்கே சிப் கம்பெனிகள் இப்போதுதான் பிறக்கின்றன. சென்னையின் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த சி.ஜி. பவர், குஜராத்தின் சனந்தில் ₹7,600 கோடி திட்டமாக சி.ஜி. செமியை உருவாக்கியிருக்கிறது. கூட்டாளி ஜப்பானின் ரெனிசாஸ். அதுவும் ஹிட்டாச்சி, மிட்சுபிஷி எலக்ட்ரிக் சிப் பிரிவுகள் சேர்ந்து 2003-ல் உருவானதுதான்.

ஊழியர் கவனிக்க வேண்டியது என்ன?

நிறுவனம் கைமாறினால், ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு சர்வீஸ் அறுபடாமல், சலுகை குறையாமல் வேலை தொடர வேண்டும். இல்லையென்றால் நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டும் என்கிறது இந்தியத் தொழிலாளர் சட்டம். கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்ப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் எட்டாது.

அதனால் சிப் கம்பெனியில் ஆஃபர் லெட்டர் வந்தால், சம்பளத்தோடு இதையும் பாருங்கள்: உங்களை வேலைக்கு எடுப்பது கம்பெனியா, கான்ட்ராக்டரா? நாளை பிரிவினை வந்தால், நீங்கள் யார் கணக்கில் இருப்பீர்கள் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.