முழங்காலுக்கு எது மருந்து? கத்தியா, ஊசியா, காலமா?

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கையும் காலும்தான் மூலதனம். தாழ்ந்த பட்டையைச் சீவக் குந்துகிறோம். மேட்டு நிரையில் ஏறுகிறோம். பால் நிறைந்த வாளியைச் சுமந்து இறங்குகிறோம். இருபது முப்பது ஆண்டுகள் இப்படி உழைத்த முழங்கால் ஒருநாள் வலிக்கத்தான் செய்யும். அடுத்து குதிகாலும் சேர்ந்துகொள்ளும்; காலையில் எழுந்து முதலடி வைக்கையில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். பிறகு தைலம், மாத்திரை, ஊசி என்று பணம் கரைகிறது. கடைசியில் நகையை அடகு வைத்து ஆப்பரேஷனுக்கு நாள் குறிக்கும் குடும்பங்களும் உண்டு.

எந்த வைத்தியம் பெரியது, எது விலை கூடியது என்று கேட்பதை நாம் விட்டுவிட வேண்டும். எந்த வைத்தியம் செய்துகொண்டவர் ஓராண்டுக்குப் பின் நன்றாக நடக்கிறார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை இல்லாமலில்லை.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குத் துளையிட்டுக் குழாய் செலுத்தி மூட்டைக் கழுவினார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கழுவியதோடு தேய்ந்த பகுதியைச் சீர்செய்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். போலி அறுவையாகவும் இருக்கலாம் என்று அறிந்தே எல்லோரும் சம்மதித்திருந்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. இரண்டாண்டுகள் கவனித்தும் மூன்று பிரிவுக்கும் வலியில் வேற்றுமை இல்லை! 2013இல் பின்லாந்து மருத்துவர்களும், முழங்காலின் மெத்தைக் குருத்தெலும்பு தேய்ந்து கிழிந்த 146 பேரிடம், மெய்யான அறுவையையும் போலி அறுவையையும் ஒப்பிட்டு, ஓராண்டு முடிவில் இதே பலனைக் கண்டார்கள்.

ஊசி எப்படி? ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்கள் சுகம் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், முழங்கால் தேய்ந்த 156 பேரில் பாதிப்பேருக்கு ஊசியும், பாதிப்பேருக்குப் பயிற்சி வைத்தியமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழிந்தபோது பயிற்சி பெற்றவர்களுக்கே வலி குறைவாகவும் நடை மேலாகவும் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈராண்டுகள் ஊசி போட்டுவந்தவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது என்று 2017இல் வேறோர் ஆய்வு கூறிற்று.

மூட்டு மாற்று அறுவையை நாம் குறை கூறவில்லை. டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்த, 2015இல் வெளியான ஆய்வில், மூட்டு மாற்றிக்கொண்டவர்களே அதிக நலம் பெற்றார்கள். ஆனால் கடுமையான பின்விளைவுகள் அவர்களிடம் 24. பயிற்சி, எடைக்குறைப்பு, மருந்து என்று நின்றவர்களிடம் 6. அப்படி நின்றவர்களும் ஓரளவு நலம் கண்டார்கள்; அவர்களில் நால்வரில் மூவர் அந்த ஓராண்டில் அறுவைக்குப் போகவே இல்லை. ஆகவே கடைசிப் படியை முதற்படி ஆக்கவேண்டாம் என்கிறோம்.

குதிகால் வலிக்கும் அப்படியே. பெரும்பாலோருக்கு அது ஓராண்டுக்குள் கத்தியின்றியே ஆறிவிடும். படிக்கட்டு விளிம்பில் நின்று, விரல்களுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை ஒன்றுவிட்டு ஒருநாள் செய்தவர்கள், வெறுமனே காலை நீட்டி மடக்கியவர்களைவிட மூன்று மாதத்தில் கூடுதல் நலம் பெற்றார்கள்; ஓராண்டில் இரு பிரிவினரும் சமமானார்கள். இதற்குச் செலவு ஒரு துண்டுதான்.

இவ்வளவு மலிவான வைத்தியம் ஏன் நம் லயத்துக்கு வருவதில்லை? இங்கேதான் தொழிலாளியின் வழக்கு இருக்கிறது. பயிற்சிக்குப் பணம் குறைவு, காலம் அதிகம். அந்த 156 பேரில் பயிற்சி பெற்றவர்கள் முதல் ஆறு வாரத்துக்குள் எட்டுமுறைவரை வைத்தியரிடம் போனார்கள். தோட்டத்திலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு எட்டுமுறை என்றால் எட்டு நாள் கூலி! ஊசிக்கோ ஒருநாள் போதும்; மறுநாள் நிரைக்குத் திரும்பிவிடலாம். காலத்தை விலைகொடுத்து வாங்க முடியாதவன் காலைத்தான் விலையாகக் கொடுக்கிறான்.

சட்டமும் சாய்ந்தே நிற்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்துடன் விடுப்பு. படுக்காதவருக்கு, வேலைக்காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். அந்த நாளில்தான் காய்ச்சலும் வரவேண்டும், வயிற்றுவலியும் வரவேண்டும், முழங்காலும் ஆறவேண்டும். கத்திக்குப் படுப்பவனுக்கு நாள் உண்டு. கத்தியைத் தவிர்க்க நடப்பவனுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

ஆகவே நாம் கோருவது மூன்று. மருத்துவர் எழுதிக்கொடுத்த பயிற்சி வைத்திய நாளைச் சம்பளத்துடன் கூடிய தனி விடுப்பாகக் கணக்கிட வேண்டும். பயிற்சியாளர் மாதம் சிலமுறையேனும் தோட்டத்துக்கு வரவேண்டும். மூட்டு வலியுள்ளவருக்கு, ஆறும்வரை சமதரை நிரையும் குந்தாத வேலையும் கூலி குறையாமல் தரவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு மரம் வெட்டுகிறவருக்கும் இவை உரியன. அவர் முழங்காலும் முழங்கால்தான்.

தோழர்களே! அறுவை என்றோ ஊசி என்றோ யாரேனும் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஓராண்டுக்குப் பின் என்ன பலன்? என்ன தீங்கு நேரலாம்? பயிற்சியை முதலில் செய்து பார்த்தால் என்ன? விழுந்து அடிபட்டாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, வீங்கிச் சிவந்து காய்ச்சல் கண்டாலோ, நீரிழிவுக்காரர் பாதத்தில் புண் வந்தாலோ, இவற்றைப் பேசிக்கொண்டிராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிராணிமார்களுக்கும் ஒரு வேலை உண்டு. விடுப்புப் புத்தகம் உங்கள் மேசையில் இருக்கிறது. கால்வலிக்காக யார் யார் எத்தனை நாள் கூலி இழந்தார்கள் என்று, பெயரை விட்டு, எண்ணிக்கையை மட்டும் குறித்துச் சங்கக் கிளைக்குத் தாருங்கள். பேச்சுவார்த்தை மேசையில் கண்ணீர் எடைபோடப்படுவதில்லை, கணக்கு எடைபோடப்படும். அந்தக் கணக்கோடு நாம் போவோம்.