‘போதும்’ என்று தீர்ப்பெழுத நீங்கள் யார்?

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம் வீட்டு உபயோகத்துக்கென்று இரண்டு லட்சம் ரூபாய்க்கு டெஸ்க்டாப் கணினி வாங்கினால் அது பகட்டு, நகரத்து மோகம், மண்ணுக்கு ஒவ்வாத நுகர்வு வெறி என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். டெல்டாவில் பிறந்து, படிப்பு முடிந்த கையோடு சென்னைக்குப் போய், அங்கேயே வேர்பிடித்துவிட்டவர் அவர். கைபேசி இருக்கும்போது கணினி எதற்கு, அரசு கொடுத்த மடிக்கணினி போதாதா, பெரிய வேலை வந்தால் கிளவுடில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே, ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போடவில்லையா, கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கு இது ஏன், அடுத்த ஆண்டு விலை இறங்கிவிடுமே என்று வாதங்களை வரிசை கட்டியிருக்கிறார். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு வாதம் இன்னொன்றின் காலை வாருவது தெரியும். மொத்தமாகப் பார்த்தால், அவர் எழுதாமல் விட்ட காரணம் ஒன்று அடியில் கிடப்பதும் தெரியும்.

முதலில் அவருடைய நெல் கணக்கு. 2025-26 பருவத்தில் தமிழக அரசின் கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். ஆக இரண்டு லட்சம் என்பது எண்பது குவிண்டால் நெல், ஒரு பெட்டிக்காக எண்பது குவிண்டாலா என்று நெஞ்சில் கைவைக்கிறார். பெருக்கல் சரிதான். ஆனால் இந்தத் தராசைக் கணினிக் கடை வாசலில் மட்டும் தொங்கவிடுவது ஏன்? சவரன் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்ட காலத்தில் அந்தத் தொகை இரண்டு சவரன் நகை; மண்டப வாடகையும் பந்தியும் சேர்ந்த ஒரு கல்யாண நாளில் அதைவிட அதிகம் கரைகிறது. அப்போதெல்லாம் கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டையோடு காத்துக்கிடக்கும் விவசாயி இவர் நினைவுக்கு வருவதில்லை. ஒரே நாளில் செலவழிந்து போனால் அது கௌரவம், ஏழெட்டு ஆண்டு உழைக்கும் கருவியாக மாறினால் பகட்டு என்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

அடுத்தது கைபேசி. கட்டுரையின் முற்பாதியில் நம் பிள்ளைகள் தொடுதிரைக்கு அடிமையாகிவிட்டார்கள், விரலால் தள்ளித் தள்ளியே மூளை மழுங்குகிறது என்று புலம்புகிறவர், பிற்பாதியில் அதே பிள்ளைகளுக்கு அதே தொடுதிரையைப் போதுமான கருவி என்று பரிந்துரைக்கிறார். இரண்டு பாதிகளையும் எழுதியவர் ஒருவர்தானா? கைபேசியில் ஓடும் செயலிகள் கணினியில் பிறக்கின்றன. ஆண்ட்ராய்டு செயலி எழுதுவதற்கான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு சேர்த்து ஓட்டக் குறைந்தது 16 ஜிபி ராம் வேண்டும் என்று அதைத் தரும் கூகுளே சொல்கிறது. கைபேசி போதும் என்று ஒரு பகுதி மக்களுக்கு ஓதுவது, நீங்கள் பார்க்கப் பிறந்தவர்கள், செய்யப் பிறந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்று ஓதுவதேயாகும்.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தன் வாதத்துக்கு முட்டுக் கொடுக்க அழைத்திருக்கிறார். அரசுப் பள்ளிப் பிள்ளையின் மடியில் முதன்முதலாக ஒரு கணினியை வைத்த மகத்தான திட்டம் அது. அதன் அடிப்படையே, கருவியில்லாத கல்வி குறைக்கல்வி என்ற ஒப்புதல்தான். அந்த ஒப்புதலை ஏற்றுக்கொண்டவர், படிக்கட்டின் முதல் படியில் ஏறிய பிள்ளையை அங்கேயே நிற்கச் சொல்வது எப்படி நியாயமாகும்? ‘உயர்ரக மடிக்கணினியே டெஸ்க்டாப்புக்குச் சமம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்; விளம்பரப் பலகையைப் படித்து எழுதிய வரி அது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கிராபிக்ஸ் சில்லுகள் விற்கப்பட்டன. டெஸ்க்டாப்பில் அதற்கு 24 ஜிபி நினைவகம், 16,384 கோர்கள், 450 வாட் மின்சாரம். மடிக்கணினியில் 16 ஜிபி, 9,728 கோர்கள், அதிகபட்சமாக 175 வாட். பெயர் ஒன்று, சில்லே வேறு. இதோடு தஞ்சாவூரின் மே மாத வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விரல் தடிமன் உடம்புக்குள் வெப்பத்தை அடக்கி வைத்திருக்கும் மடிக்கணினி, சூடு ஏற ஏறத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பின் பெட்டியைத் திறந்து தூசி தட்டலாம், ராம் சேர்க்கலாம், பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-ல் மதர்போர்டு வாங்கிய பலர், பயாஸைப் புதுப்பித்து, 2022-ல் வந்த பிராசஸரை அதே போர்டில் பொருத்தினார்கள். மலிவு என்று வாங்கியவர்களின் கதை வேறு: 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது, விண்டோஸ் 11 ஏற்காத பழைய பிராசஸர்களோடு அவர்களில் பலர் நடுத்தெருவில் நின்றார்கள். இதில் எது சிக்கனம்?

இனி ராமானுஜன். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருந்த மேதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார் நண்பர். சாட்சியை முழுமையாக விசாரித்திருந்தால் வழக்கு அங்கேயே தோற்றிருக்கும். ராமானுஜன் சிலேட்டில் எழுதியது தத்துவத் தேர்வால் அல்ல. காகிதம் வாங்கக் காசில்லாததால். எழுதியதை முழங்கையால் அழித்து அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றினார். வழிமுறைகள் சிலேட்டோடு அழிந்தன. அந்த நோட்டுப் புத்தகங்களில் இருக்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு நிரூபணங்களைத் தேடித் தொகுக்க அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. ஒரு கட்டுக் காகிதம் மிச்சப்படுத்தியதற்கு உலகக் கணிதம் கொடுத்த விலை அது. ராமானுஜனே தன் வறுமையைக் கொண்டாடியவரா? நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆதரவாளர்களைத் தேடி அலைந்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்துத் தாங்கினார். பிறகு சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. அந்த மனிதரின் இல்லாமையை எடுத்து இன்றைய பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டி, உனக்கும் இது போதும் என்பவர், மேதையையும் மதிக்கவில்லை, பிள்ளையையும் மதிக்கவில்லை.

‘வாங்கினால் விளையாடத்தான் போகிறார்கள்’ என்று ஏளனம் வேறு. விளையாடட்டும், அதோடு வரலாற்றையும் கொஞ்சம் படிக்கட்டும், நண்பரும் படிக்கட்டும். 2012-ல் டொராண்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் படங்களை இனங்காணும் நரம்பு வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவித்தார். கணினி இருந்த இடம் பெற்றோர் வீட்டில் அவருடைய படுக்கையறை. அதற்குள் இருந்தவை, விளையாட்டுப் பிரியர்களுக்காகக் கடைகளில் விற்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். ஐந்தாறு நாள் இரவுபகலாக ஓடிப் பயிற்சி முடிந்தது. அந்த ஆண்டின் இமேஜ்நெட் படமறிதல் போட்டியில் இரண்டாம் இடத்துக்காரரின் பிழை 26 சதவீதத்துக்கு மேல். இந்த வீட்டுக் கணினியின் பிழை 15.3 சதவீதம். இன்று நண்பர் தன் கட்டுரையில் வாய் ஓயாமல் வியக்கும் செயற்கை நுண்ணறிவின் பெருக்கு அந்த அறையில் திறந்த மடையிலிருந்து வருவது. கிரிஷெவ்ஸ்கியின் வழிகாட்டி ஜெஃப்ரி ஹிண்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ‘வீட்டில் எதற்கு இவ்வளவு சக்தி’ என்று அந்தப் பெற்றோர் கேட்டுக் கணினியைத் தடுத்திருந்தால்?

கிளவுடுக்கு வருவோம். மேலை நுகர்வு மோகத்தைச் சாடும் கட்டுரை, மாற்றாகச் சொல்வது அமெரிக்க நிறுவனங்களிடம் மணிக்கணக்கில் வாடகை கொடுப்பதை. சொந்தமாக ஒரு கருவி வைத்துக்கொள்வது அடிமைத்தனம், காலமெல்லாம் வாடகைக்காரனாக இருப்பது சுயமரியாதை என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டுமா? குத்தகையின் வலி தெரிந்த மண்ணில் பிறந்தவர் எழுதும் வரியா இது? சரி, வேலையைப் பார்ப்போம். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தை இரண்டு கேமராக்களில் 4கே தரத்தில், விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில், ஒவ்வொன்றிலும் ஆறு மணி நேரம் எடுத்தால் சேர்வது 540 ஜிபி. விநாடிக்கு 40 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில், ஒரு நொடி அறுபடாமல் போனாலும், அதை கிளவுடில் ஏற்ற முப்பது மணி நேரம். எடிட்டிங் அதற்குப் பிறகுதான். வீட்டில் நல்ல கணினி வைத்திருக்கும் எடிட்டர் அந்த முப்பது மணி நேரத்தில் பாதி வேலையை முடித்திருப்பார். ஆடிட்டரின் வாடிக்கையாளர் கோப்பு, வக்கீலின் வழக்குக் கட்டு, மருத்துவரின் நோயாளிக் குறிப்பு இவற்றை வெளியே அனுப்பாமல், வீட்டுக் கணினியிலேயே திறந்தமூல மொழி மாதிரியை ஓட்டிச் சுருக்கம் எடுக்கலாம். அதற்கு வேண்டியது கிராபிக்ஸ் கார்டில் தாராளமான நினைவகம். ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்களுக்கு இது ஆடம்பரமா?

மின்சார வாதம் பழைய நினைவில் எழுதப்பட்டது. 2012-ல் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தோம், உண்மை. கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரையைக் கடந்த பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன, அதுவும் உண்மை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அன்று அடியோடு சாய்ந்தன. இனித் தென்னையே வைக்காதே என்று நண்பர் எழுதினாரா? மறுபடி நட்டோம். கணினிக்குச் சரியான எர்த்திங்கும் ஒரு யுபிஎஸ்ஸும் போதும். முழு மூச்சில் 500 வாட் இழுக்கும் கணினி ஆறு மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட். ஒன்றரை டன் ஏசி அதே மின்சாரத்தை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் குடித்துவிடும். ஏசியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

‘காத்திருந்தால் விலை இறங்கும்’ என்ற வாதத்தைக் காலமே மறுத்துவிட்டது. 2025-ன் கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதில், வீட்டுக் கணினிக்கான ராம் விலை சில மாதங்களில் இரு மடங்குக்கும் மேல் ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், தன் குரூஷியல் பெயரில் சில்லறை வாங்குவோருக்கு விற்றுவந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. காத்திருந்தவர்களுக்கு நண்பர் வித்தியாசத்தைக் கட்டிக் கொடுப்பாரா?

இப்போது அடியில் கிடக்கும் காரணம். ‘நம் மண்ணுக்கு இயந்திரம் அந்நியம்’ என்ற வரியில் அது தலைகாட்டுகிறது. எந்த மண்ணுக்கு? தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சகத்தில் 1715-ல் தமிழில் முழுப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தஞ்சை அரண்மனையில் சரபோஜி மன்னர் 1805-ல் தேவநாகரி அச்சகம் நிறுவினார். தன் காலத்தின் மிகச் சிறந்த கருவியைத் தன் வாசலுக்கே வரவழைப்பது இந்த மண்ணின் பழக்கம். நண்பருக்கு வேண்டியது அந்த மண்ணல்ல. வருடத்துக்கு இருமுறை காரில் வந்து, சம்பா வயலின் பச்சையைப் படமெடுத்துக்கொண்டு திரும்ப ஒரு காட்சிசாலை வேண்டும். அதில் நாம் மாறாத பொம்மைகளாக நிற்க வேண்டும். அவர் பிள்ளைகளுக்குச் சென்னையில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கேட்டால் அது தனிப்பட்ட விஷயமாகிவிடும். டெல்டாவைவிட்டு இளைஞர்கள் வெளியேறுகிறார்கள் என்று கண்ணீர் விடுவதும் அவரே, இங்கேயே உட்கார்ந்து சம்பாதிக்கக் கருவி வாங்குகிறவனைப் பகட்டுக்காரன் என்பதும் அவரே.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய திட்டங்களும் உருக்காலைகளும் தோல் தொழிற்சாலைகளும் இங்கே கூடாது என்றது அது. போராடிப் பெற்ற சட்டம், காக்க வேண்டியது. அப்படியானால் வயலுக்கு வெளியே பிள்ளைகளுக்கு வேலை எங்கே? தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் திறந்த மினி டைடல் பூங்கா ஒரு தொடக்கம். எல்லோருக்கும் அங்கே நாற்காலி இல்லை. மண்ணைத் தோண்டாமல், ஆற்றைக் கெடுக்காமல், ஒரு மேசையின் மேல் நடக்கும் தொழில்தான் இந்தச் சட்டத்தோடு ஒத்துப்போகும் தொழில். ‘ஃப்ளோ’ என்ற லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவாகி, இயக்குநரின் சொந்தக் கணினியிலேயே இறுதி வடிவம் பெற்று, 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. லாட்வியாவின் மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு; தஞ்சாவூர் மாவட்டத்தில் 2011-லேயே இருபத்து நான்கு லட்சம் பேர். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று சொல்ல எது இவருக்குத் தைரியம் கொடுத்தது?

கருவி வேண்டியது தொழிலுக்கு மட்டுமல்ல. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் முக்கிய ஆதாரம். ஊரில் ஆதாரம் இல்லை. வேறு யாரோ எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம். இன்று ஒரு சிலையைச் சுற்றிச் சில நூறு படங்கள் எடுத்தால், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள வீட்டுக் கணினி ஓர் இரவில் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கட்டிவிடும். அந்த ஆதாரம் நம் ஊரில், நம் கையில் இருக்க வேண்டாமா?

கரண்ட் பில் கட்டவும் படம் பார்க்கவும் மட்டுமே கணினி வேண்டும் என்பவர் இரண்டு லட்சம் செலவழிக்கத் தேவையில்லை. கடன் வாங்கி வாங்குவதும் தவறு. ஆனால் வரைகிற, இசை சேர்க்கிற, நிரல் எழுதுகிற, எடிட் செய்கிற ஒருவர் வீட்டில் இருந்தால், வசதியும் இருந்தால், தயங்காதீர்கள். கண்ணைப் பறிக்கும் விளக்குகளில் காசைக் கொட்டாமல், பவர் சப்ளையிலும் ராமிலும் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்திலும் செலவழியுங்கள். முடிந்தால் தெருவில் இருக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த அறையைத் திறந்து விடுங்கள். உங்கள் பிள்ளைக்கு எது போதும் என்பதை, அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றாத ஒருவர் சென்னையிலிருந்து தீர்மானிக்க விடாதீர்கள்.