ஆட்டம் முடித்தவரின் அடுத்த வேலை

பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை இறக்குவது என்பதைப் பாடு முறைதான் தீர்மானிக்கிறது. நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், கோட்டைக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் ஏற்பாடு இது. இளையவர்களுக்கு இதைச் சொல்லித் தருபவர்கள், ஒரு காலத்தில் தாங்களே தொழிலுக்குப் போன பெரியவர்கள். இன்று வலையில் விழுந்த மீனை எடைபோட்டு அவர்களை யாரும் மதிப்பதில்லை. விளையாட்டில் மட்டும் ஏன் பயிற்சியாளரை ஒரே ஆட்டத்தில் எடைபோடுகிறோம்?

ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்றார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை ஹாக்கியில் நமக்கு ஒலிம்பிக் தங்கம் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, சிட்னியில் அவரே பயிற்சியாளர். போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என முன்னிலையில் இருந்தபோது கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் போலந்து சமன் செய்தது. இந்தியா ஏழாம் இடத்தில் முடித்தது. 2006 உலகக் கோப்பைக்கு அவரை மீண்டும் அழைத்தார்கள். கிடைத்தது பதினோராம் இடம். பயிற்சியாளர் பாஸ்கரனைப் பற்றிக் கேட்டால் பலரும் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஜப்பானிலும் இப்படி ஒருவர் இருந்தார். கியோட்டோவில் பிறந்த செய்ஜி ஹிராவோ, ரக்பி உலகக் கோப்பையில் ஜப்பானின் முதல் வெற்றியை, 1991இல் ஜிம்பாப்வேக்கு எதிராக, அணித்தலைவராக நின்று பெற்றுத் தந்தவர். அவர் ஆடிய கோபே ஸ்டீல் நிறுவன அணி தொடர்ந்து ஏழு முறை தேசியப் பட்டம் வென்றது. ஏழாவது பட்டம் கைக்கு வந்த இரண்டாம் நாள், 1995 ஜனவரி 17 அன்று, கோபே நகரையே நிலநடுக்கம் சாய்த்தது. பிறகு ஹிராவோ தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார். 1999 உலகக் கோப்பையில் சமோவா, வேல்ஸ், அர்ஜென்டினா மூன்றிடமும் தோல்வி.

ஆனால் அந்தத் தோல்விக்கு முன்பே அவர் துணிந்து ஒரு காரியம் செய்திருந்தார். நியூசிலாந்தில் பிறந்த ஆண்ட்ரூ மெக்கார்மிக்கை ஜப்பான் அணிக்குத் தலைவராக்கினார். வெளிநாட்டில் பிறந்த ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. அந்தக் கதவு அப்படியே திறந்து கிடந்தது. 2015இல் தென்னாப்பிரிக்காவை 34-32 என வீழ்த்தி உலகையே திகைக்க வைத்த ஜப்பான் அணியின் தலைவர் மைக்கேல் லீச்சும் நியூசிலாந்தில் பிறந்தவர்தான். பயிற்சியாளரின் கணக்கு இத்தனை தாமதமாகத்தான் நேராகிறது. அடுத்த ஆண்டே, 53 வயதில், ஹிராவோ காலமானார். 2019இல் ஜப்பான் முதல் முறையாகக் காலிறுதிக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

பழவேற்காட்டுக் குப்பங்களில் படகு தள்ளியும் துடுப்புப் போட்டும் வலை இழுத்தும் உரமேறிய உடல்கள் இருக்கின்றன. கூடவே நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஆட்டத்தை முடித்துக்கொண்ட கபடி, ஹாக்கி வீரர்களை இந்தக் கரையோரப் பள்ளிகளுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்ப வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் நாம் கேட்பது இதைத்தான். அனுப்பிய பிறகு பத்து ஆண்டுகளுக்கு அவர்களிடம் பதக்கக் கணக்குக் கேட்காதீர்கள்.